எட்டு விநாடி

சோஹார் மருத்துவமனையின் சிடி ஸ்கேனுக்கு
ஐந்து மொழிகள் தெரியும்.
அரபி, ஆங்கிலம், உருது, வங்காளம், மலையாளம்.
ஆறாவது பொத்தானுக்குப் பெயரில்லை.
உன் மொழியை அதில் போட்டுக்கொள்,
எட்டு விநாடிதான் இடம் என்றாள் மேலாளர் பத்ரியா.

இரவு ஷிப்டில், மூன்று மணிக்கு,
மைக்கில் குனிந்தேன்.
முதல் தடவை தும்மல்.
இரண்டாம் தடவை மாரிசெல்
சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.
மூன்றாவதில் 'அண்ணே' என்று தொடங்கி, அழித்தேன்.
வருகிறவர் அண்ணனாகவே இருக்க வேண்டுமா என்ன,
வேலைசெய்யும் வீட்டில்
மாடிப்படியில் விழுந்த அக்காவாகவும் இருக்கலாம்.
நான்காவதைச் சேமித்தேன்.
போட்டுக் கேட்கவில்லை.
தன் குரலைக் கேட்க யாருக்குப் பிடிக்கும்?

அந்த வியாழன் இரவு
துறைமுகத்திலிருந்து ஜிந்தா மதார் வந்தார்.
கப்பலின் அடிவயிற்றில் ஒட்டிய கொட்டலசைச்
சுரண்டும் வேலை.
நெஞ்சுக்குள்ள குத்துது என்றிருக்கிறார்.
வாயு என்று மொழிபெயர்த்திருந்தான்
உடன்வந்த கம்பெனி ஆள்.

தாயத்தைக் கழற்றச் சொன்னேன்,
வெள்ளி, படத்தில் கோடுகோடாய் விழும்.
மேசையில் வைக்காமல் என்னிடமே நீட்டினார்.
மருந்து ஏறும்போது உடம்பு சுடும்,
ஒண்ணுக்குப் போய்விட்ட மாதிரி இருக்கும்,
போயிருக்காது, பயப்படாதீங்க.
இதைச் சொன்னால் ஆண்கள் கூரையைப் பார்ப்பார்கள்.
இவர் சிரித்தார்:
'தண்ணிக்குள்ள போறவன்கிட்டயா சொல்றே.'

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து
ஆறாவது பொத்தானைத் தொட்டேன்.
என் குரல், சற்று மூக்கடைப்போடு:
மூச்சை நல்லா இழுங்க.
அப்படியே பிடிச்சுக்குங்க.

வளையம் சுழன்றது. படுக்கை நகர்ந்தது.
ஆறு விநாடியில் படம் முடிந்தது.
நான் திரைக்குள் இருந்தேன்.
காற்று, கழித்தல் ஆயிரம், கறுப்பு.
தண்ணீர், சுழியம்.
எலும்பு, வெள்ளை.
ஒவ்வொன்றும் தண்ணீரிலிருந்து எவ்வளவு தூரம்
என்பதுதான் இந்த இயந்திரத்தின் கணக்கு.
இடது விலாவில் மூன்றாவது, நான்காவது:
உடைந்து தானாகக் கூடிய பழைய முடிச்சுகள்,
எந்தச் சீட்டிலும் எழுதாதவை.
நுரையீரலின் உச்சியில்
இருக்கக் கூடாத கறுப்பு, பிறை அளவுக்கு.

நிமிர்ந்தேன்.
நெஞ்சு அசையவில்லை.
கடிகாரத்தில் ஒரு நிமிடம் நாற்பது.

பிடிக்கச் சொல்ல ஓர் இடம்,
விடச் சொல்ல வேறோர் இடம்:
கையேட்டின் அறுபதாம் பக்கத்தில் இருந்ததாம்.

செருப்பொன்று கழல ஓடினேன்.
விடுங்க, விடுங்க, மூச்சை விடுங்க!

விட்டார்.
அவசரமே இல்லாமல், கொஞ்சம் கொஞ்சமாக.
'கயித்த ஆட்டினாத்தானே மேல வரணும்' என்றார்.
'தூத்துக்குடியில சங்குக்குக் குதிச்சப்ப அப்படித்தான்.
இங்க ரேடியோ.
பாதி நாள் அது வேல செய்யாது.'

என்ன தெரியுது என்று கேட்டார்.
டாக்டர் சொல்லுவாங்க.
அதற்குத்தான் எனக்குச் சம்பளம்,
சொல்லாமலிருப்பதற்கு.
'விலாவும் தெரியுமா இதுல?'
தாயத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.
'கம்பெனிக்குத் தெரியுமா?'
கதவருகே அந்த ஆள் போனில் இருந்தான்.
டாக்டரைத் தவிர யாருக்கும் காட்ட மாட்டாங்க என்றேன்.
அது உண்மையா என்று எனக்கு இன்றும் தெரியாது.

அவரை வார்டுக்குத் தள்ளிப் போனபின்
அறுபதாம் பக்கத்தைப் படித்துவிட்டு
மறுபடி மைக்கில் குனிந்தேன்.
விடுங்க.
ஒரு விநாடிகூட ஆகவில்லை.
மீதி ஏழு விநாடியும் ஏசியின் இரைச்சல்.
அதை நான் வெட்டவில்லை.
உற்றுக் கேட்டால் நடுவில் லேசாக,
மேசைக்கடியில்
காலால் நான் செருப்பைத் துழாவும் சத்தம்.